பாயின் சாக்கும் என் நீலப் பெட்டிகளும்

பெரம்பூரில் ஒரு வீடு, மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியின் உள் யூனிட்டை மாட்டியாகிவிட்டது, வெளி யூனிட்டும் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டது. செப்புக் குழாயை வெட்டி, பிசிறு எடுத்து, நட்டைக் கோத்துவிட்டுக் கையை நீட்டினால், குழாயின் வாயைப் புனல் மாதிரி விரிக்கிற பிளேரிங் டூல் இல்லை. பையைத் தரையில் கொட்டிப் பார்த்தோம். ஸ்க்ரூடிரைவர் எட்டு இருந்தது. ஸ்பேனர் மூன்று செட் இருந்தது. பிளேரிங் டூல் மட்டும் திருவொற்றியூர்க் கடையில் வேறொரு பைக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா காபியோடு வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஊசி போட வந்த டாக்டர் சிரிஞ்சை மறந்த கதையா இருக்கு" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என் உதவிப் பையன் படியிறங்கினான். அவன் போய்வர ஒன்றே கால் மணி நேரம். அதுவரை நான் அந்த வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து பெட்டிகளைப் பற்றி யோசித்தேன். அந்த யோசனை இரண்டு வருடம் நீண்டது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாய் கடைசி வரை ஒரு அரிசிச் சாக்கில்தான் சாமான் வைத்திருந்தார். போன இடத்தில் சாக்கை விரித்துப் போடுவார், அதுவே அவருக்கு மேசை. வேலை முடிந்தால் நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்குவார், அதுவே பை. உள்ளே கையை விட்டால் பார்க்காமலே பத்தாம் நம்பர் ஸ்பேனர் வரும். "சாமான் தேடுற நேரத்துக்கு பார்ட்டி காசு தர மாட்டான் தம்பி" என்பார். ஆனால் அவர் காலத்தில் ஃப்ரிட்ஜும் ஜன்னல் ஏசியும்தான். ஏசியில் குளிரூட்டுவது பெரும்பாலும் ஆர்22 கேஸ், அதன் அழுத்தம் பார்க்க ஒரே ஒரு கேஜ். இன்றைக்கு ஆர்22 இன்னும் சில வீடுகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆர்410ஏ இருக்கிறது, அதன் அழுத்தம் ஆர்22-ஐப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பழைய கேஜை அதில் மாட்டினால் ஆபத்து. புதிதாக வருபவை பெரும்பாலும் ஆர்32, ஓரளவு தீப்பிடிக்கக்கூடிய கேஸ். அதற்கும் தனி ஒழுங்கு வேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்ப், நட்டை அளவோடு இறுக்கும் டார்க் ஸ்பேனர், கேஸ் எடை பார்க்கும் தராசு, சுவரில் வட்டத் துளை போடும் கோர் கட்டர், கழுவுவதற்கு ஜெட் பம்ப், அதற்கு விரிக்கும் கவர். இவ்வளவையும் சாக்கில் கட்டினால் சாக்குக்குள் கைவிடுபவனுக்கு விரல் மிஞ்சாது.

அதனால் முதலில் நான் செய்தது, எல்லோரும் செய்வதுதான். வீடியோ பார்த்தேன். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் மேஸ்திரிகள் ஒரே மாதிரிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 'க்ளிக்' என்று பூட்டி, அடியில் சக்கரம் வைத்து ரயில் பெட்டி மாதிரி தள்ளிக்கொண்டு போகிறார்கள். பார்க்கவே ஆசையாக இருக்கும். இந்தக் குடும்பத்துக்குப் பெரியப்பா என்றால் ஜெர்மனியில் 1993-இல் டானோஸ் என்ற நிறுவனம் கொண்டுவந்த சிஸ்டெய்னர்தான். ஃபெஸ்டூல் கம்பெனியின் மெஷின்கள் அதற்குள் உட்கார்ந்துதான் கடைக்கு வரும். அதில் எனக்குப் பிடித்தது அதன் கணக்கு. அடி எல்லாவற்றுக்கும் 396-க்கு 296 மில்லிமீட்டர். உயரம் மட்டும் மாறும், பழைய வரிசைகளில் 105, 157.5, 210, 315, 420. ஐந்தும் 52.5-இன் மடங்குகள். அதனால் இரண்டு சின்னப் பெட்டி சேர்ந்தால் நடுத்தரப் பெட்டி ஒன்றின் உயரம் சரியாக வந்துவிடும், அலமாரியில் பொந்து விழாது. 2010-இல் பூட்டை மாற்றினார்கள். நான்கு கிளிப்புக்குப் பதிலாக முன்னால் ஒரே திருகு. அப்போதும் பழைய பெட்டியின் மேல் புதிய பெட்டி உட்காரும்படி பார்த்துக்கொண்டார்கள். பழைய வாடிக்கையாளனைக் கைவிடாத அந்தக் குணத்துக்காகவே ஒரு கும்பிடு போடலாம்.

நமக்கு இது ஒன்றும் புது ஞானம் இல்லை. டிபன் கேரியர் என்பது என்ன? ஒரே வட்டம், ஒரே விளிம்பு, மேலடுக்கின் அடி கீழடுக்கின் வாயில் அமர்ந்து மூடியாகவும் ஆகிவிடுகிறது. பக்கத்தில் இரண்டு கம்பி, மேலே ஒரு பூட்டு. சாம்பார் கீழே, சோறு நடுவே, பொரியல் மேலே. ரசம் கொண்டுபோனால் மட்டும் கடவுள் விட்ட வழி. ஆனால் டிபன் கேரியருக்கு ஒரு சாபம் உண்டு. அடுக்கு ஒன்று தொலைந்தால் அவ்வளவுதான். வேறு கம்பெனி அடுக்கு அதில் உட்காராது. பாத்திரக் கடையில் கேட்டால் "செட்டாத்தான் வாங்கணும்மா" என்பார்கள்.

இந்த க்ளிக் பெட்டிகளிலும் அதே சாபம்தான். அமெரிக்காவில் 2017-இல் மில்வாக்கி கம்பெனியின் பேக்அவுட் பெட்டி வந்தது. பெட்டியின் தலையில் பள்ளம், அடியில் நாக்கு, தள்ளினால் பூட்டிக்கொள்ளும். நல்ல உறுதியான சாமான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் நாக்கு இன்னொரு கம்பெனியின் பள்ளத்தில் நுழையாது. டிவால்ட் கம்பெனிக்கு ஒரு பூட்டு, பாஷ் விற்கும் எல்-பாக்ஸுக்கு வேறு பூட்டு. மகிட்டாவின் மேக்பேக் சிஸ்டெய்னரோடு சேரும். அப்படிச் சேர்வது அதிசயம் என்பதால்தான் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டி ஒன்று வாங்கினால் பெண் கட்டியது மாதிரி. மாமனார் வீட்டு உறவு முழுக்கக் கூடவே வரும்.

நான் வாங்கியது இதில் எதுவும் இல்லை. நம் ஊர்க் கடையில் கிடைத்த, இதே தினுசில் செய்த மூன்றடுக்குப் பெட்டி. பெயர் வேண்டாம். அடியில் சக்கரம் வைத்தது, காலியாகவே நல்ல எடை. ஏழாவது மாதம் நடுப் பெட்டியின் கிளிப் உடைந்தது. கடையில் கிளிப் மட்டும் தரமாட்டேன் என்றார்கள், பெட்டியாகத்தான் வரும், அதுவும் அந்த மாடல் நின்றுவிட்டது. சரி, வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றை நடுவில் வைப்போம் என்று வாங்கினேன். கால் அங்குலம் இடித்தது. அந்தக் கால் அங்குலத்தை ஹாக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்ததில் இரண்டு பெட்டியும் பாழ்.

இந்தக் கடுப்போடு ஒரு நாள் எண்ணூர் விரைவுச் சாலையில் மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் அது புதிது இல்லை. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் தேர் மாதிரி வரிசையாக நிற்கும், நாம் நடுவில் எறும்பு மாதிரி நெளிய வேண்டும். எக்ஸ்எல் வண்டியை அணைத்துவிட்டு நின்றால், கண்ணுக்கு நேரே ஒரு கண்டெய்னரின் கீழ்மூலை. முட்டை வடிவத் துளையோடு ஒரு கனத்த இரும்புக் கட்டி. அதற்குள் லாரியின் பூட்டு நுழைந்து கால் வட்டம் திரும்பியிருக்கிறது. அதற்கு அடுத்த லாரி வேறு முதலாளியுடையது, பெட்டி வேறு தேசத்து நிறம், வேறு கம்பெனி எழுத்து. மூலை மட்டும் அச்சு அசல் அதே மூலை. அதற்கடுத்ததும் அதே.

வீட்டுக்குப் போய் அதைத் தேடிப் படித்தேன். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கண்டெய்னர் கதையை எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது பின்னால் நடந்தது. அந்த மூலையையும் திருகு பூட்டையும் வடிவமைத்தவர் மெக்லீனிடம் வேலை பார்த்த கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர். பூட்டின் காப்புரிமை மெக்லீன் கம்பெனியின் கையில். ஊரில் ஒவ்வொரு கப்பல் கம்பெனியும் ஆளுக்கொரு அளவு, ஆளுக்கொரு பூட்டு என்று இருந்தார்கள், இன்றைய டூல் பெட்டிக் கம்பெனிகள் மாதிரியே. 1963-இல் மெக்லீன் தன் காப்புரிமையை யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தார். அதை அடிப்படையாக வைத்துத்தான் உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓ மூலை அளவை வகுத்தது. தர்மம் என்று சொல்லவில்லை, கெட்டிக்காரத்தனம். தன் பெட்டி எல்லாத் துறைமுகத்திலும் ஏறி இறங்கினால்தானே அவருக்கும் லாபம்.

டூல் பெட்டி உலகத்தில் பூட்டை விட்டுக்கொடுத்த ஆள் யாரையும் நான் பார்க்கவில்லை. ஆனால் பூட்டே இல்லாத ஒரு பொதுப் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது, அதே தினுசுப் பெட்டியை நாம் தினமும் தக்காளியோடு பார்க்கிறோம்.

ஐரோப்பிய ரயில்வேக்கள் 1961-இல் சரக்கு அடுக்கும் மரப் பலகைக்கு ஒரே அளவு என்று ஒத்துக்கொண்டன: 1200-க்கு 800 மில்லிமீட்டர். அதன்மேல் 600-க்கு 400 பிளாஸ்டிக் கிரேட் சரியாக நான்கு உட்காரும். 400-க்கு 300 என்றால் எட்டு. 600-க்கு 400-ஐப் பாதியாக வெட்டினால் 400-க்கு 300 என்பதால் பெரியதன் தலையில் சின்னது இரண்டு பக்கத்தில் பக்கமாக அமரும். விளிம்பில் ஒரு சின்னப் படி, அடியில் அதற்கேற்ற ஒடுக்கம். பூட்டு இல்லை, கிளிப் இல்லை, உடைய ஒன்றும் இல்லை. எடை மட்டும்தான் பூட்டு. யார் செய்தாலும் அளவு அதே அளவு. நம் நாட்டிலும் தொழிற்சாலைகளுக்காக இதே அளவில் வார்க்கிறார்கள். பாரிமுனைப் பக்கம் பிளாஸ்டிக் மொத்தக் கடையில் நின்று கேட்டால் பெயரெல்லாம் கிடையாது, நம்பர்தான். 64-இல் தொடங்கினால் 600-க்கு 400, 43-இல் தொடங்கினால் 400-க்கு 300, பின்னால் வருவது உயரம். 43120 என்றால் 120 மில்லிமீட்டர் உயரமுள்ள சின்னப் பெட்டி. கடைக்காரருக்கு இது ரேஷன் கார்டு நம்பர் மாதிரி மனப்பாடம்.

இது எனக்குத் தெரிவதற்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கிரேட்தானே, எல்லாம் ஒன்றுதான் என்று பழைய காய்கறிக் கிரேட் நான்கை மலிவாக வாங்கி வந்தேன். நம் ஊர்க் காய்கறிக் கிரேட்டில் நிறைய 540-க்கு 360. அதன்மேல் 43 உட்காரவே உட்காராது, தாண்டவமாடும். 500-க்கு 325 என்று இன்னொரு அளவும் சந்தையில் உண்டு, அதுவும் இதோடு சேராது. கடைக்கு அளவு நாடா எடுத்துப்போங்கள். அந்த நான்கும் இப்போது மொட்டை மாடியில் மண் நிரப்பிக் கீரை வளர்க்கின்றன. ஜன்னல் வைத்த பெட்டி என்பதால் தண்ணீர் நன்றாக வடிகிறது.

இப்போது என்னிடம் 64 இரண்டு, 43 ஏழு. எல்லாம் ஓட்டையில்லாத சுவர் கொண்டவை. ஜன்னல் வைத்ததில் ஸ்க்ரூ வழியெல்லாம் விதைத்துக்கொண்டே வரும். அளவு சரியானதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆகவில்லை. முதலில் சாமானை இனம் பிரித்து வைத்தேன்: ஸ்பேனர் எல்லாம் ஒரு பெட்டி, டிரில் பிட் எல்லாம் ஒரு பெட்டி, கட்டிங் பிளேயர் குடும்பம் ஒரு பெட்டி. பார்க்க அழகு. ஆனால் எந்த வேலைக்குப் போனாலும் ஏழு பெட்டியும் கூட வந்தது. வெறும் சர்வீஸுக்குப் போகிறவன் ஹேமர் டிரில்லையும் சுமந்தான். ஒரு நாள் எடை குறைக்கிறேன் என்று ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போனதில் பழையபடி பெரம்பூர்க் கதை, இந்த முறை புரசைவாக்கத்தில்.

அப்புறம்தான் வேலை வாரியாகப் பிரித்தேன். துளை போடும் பெட்டியில் ஹேமர் டிரில், இரண்டரை அங்குல கோர் பிட், ஆங்கர் போல்ட், மட்டம் பார்க்கும் ரசமட்டம். குழாய்ப் பெட்டியில் கட்டர், பிளேரிங் டூல், டார்க் ஸ்பேனர், பிசிறு எடுப்பது. கேஸ் பெட்டியில் கேஜ், ஹோஸ், தராசு. கழுவும் பெட்டி. கரண்ட் பெட்டியில் கிளாம்ப் மீட்டர், டெஸ்டர், கபாசிட்டர்கள். ஸ்க்ரூடிரைவரும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று. ஒரே சாமானை ஐந்து வாங்குவது வீண் செலவு என்று முதலில் மனம் அடித்துக்கொண்டது. ஒன்றே கால் மணி நேரம் பால்கனியில் உட்கார்ந்த கூலியைக் கணக்குப் போட்டதும் அடங்கிவிட்டது. சர்வீஸ் என்றால் கழுவுவதும் கரண்டும். புது மாட்டல் என்றால் துளை, குழாய், கேஸ், கூடவே பம்ப். பையனிடம் "மாட்டல்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்தப் பெட்டிகள் என்று அவனுக்குத் தெரியும்.

வாக்குவம் பம்புக்கு மட்டும் 64-இல் உயரமானது. அதைச் சாய்த்தால் எண்ணெய் வெளியே வரும். முதல் மழைக்காலத்தில் என் தராசு எண்ணெயில் குளித்ததுதான் அதற்குத் தனி வீடு கொடுக்கக் காரணம். உள்ளே சாமான் ஆடாமல் இருக்க வெளிநாட்டுக்காரர்கள் ஃபோமை அச்சு மாதிரி வெட்டி வைக்கிறார்கள். நான் ஏசி டப்பாவில் வரும் தெர்மாகோலைப் போட்டுப் பார்த்தேன், ஒரு வாரத்தில் பொடிப் பொடியாக உதிர்ந்து கேஜ் நட்டுக்குள் எல்லாம் புகுந்தது. இப்போது குழாய்க்குச் சுற்றும் கறுப்பு இன்சுலேஷன் டியூபின் மிச்சத்தைக் கீறி விரித்து ஒட்டுகிறேன். காசு கிடையாது, எண்ணெய் பட்டாலும் கவலையில்லை. ஸ்க்ரூ, பிளக், நட்டு எல்லாம் பிரியாணி பார்சல் டப்பாவில். கழுவிவிட்டுத்தான் போடுகிறோம், ஆனாலும் ஒரு டப்பாவில் இன்னும் பட்டை வாசம் போகவில்லை.

அடுக்குப் பெட்டியின் பெரிய ஆபத்து எடை. இடம் இருக்கிறதே என்று போட்டுக்கொண்டே போவோம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், எல்லாம் தோதாக இருந்தாலும், அதாவது உடம்போடு ஒட்டிப் பிடித்து, முதுகு திரும்பாமல், எப்போதாவது தூக்கினாலும், 23 கிலோதான் எல்லை என்கிறது. ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையைத் தலையில் ஏற்றும் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை, எனக்கு இடுப்பு வலி உண்டு. பக்கத்துப் பழைய பேப்பர் கடைத் தராசில் பெட்டிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் "இது என்ன ரேட்டுக்கு அண்ணா போடுறீங்க?" என்று ஆர்வமாகக் கேட்டார். துளைப் பெட்டி 19 கிலோ வந்தது. மூன்றாவது மாடிக்கு அதுவே அதிகம் என்று ஆங்கர் போல்ட்டைப் பிரித்து வேறு பெட்டிக்கு மாற்றினேன். சாமானுக்கு 64-ஐ நான் சிபாரிசு செய்யாததும் இதனால்தான். பெரிய பெட்டி என்றால் நிரப்பத்தான் தோன்றும்.

அந்த வீடியோக்களில் எல்லோரிடமும் வேன் இருக்கும். என்னிடம் இருப்பது டிவிஎஸ் எக்ஸ்எல். பின் சீட்டைக் கழற்றிவிட்டால் 43 நீளவாக்கில் கச்சிதமாக அமர்கிறது, அதன்மேல் இன்னொன்று, முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒன்று. கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூப், அதைவிட நல்ல பூட்டு எந்த நாட்டிலும் இல்லை. புது மாட்டலுக்கு மட்டும் லோடு ஆட்டோ. ஏசியே அதில்தான் வருகிறது, பெட்டிகளும் ஏறிக்கொள்ளும். மழைக்கு மேலே போர்த்துவது பிளக்ஸ் பேனர். இதில் கட்சி பேதம் பார்ப்பதில்லை, யார் சிரித்துக்கொண்டிருந்தாலும் தண்ணீர் இறங்காது.

குறைகளும் இருக்கின்றன. மூடி தனியாக வாங்க வேண்டும், பூட்டுப் போட வழியில்லை. அதனால் கேஜையும் மீட்டரையும் கீழே வண்டியில் விட்டுவிட்டுப் போகவே முடியாது. எங்கள் ஊர் உப்புக் காற்றில் தகரப் பெட்டி இரண்டு வருடம் தாங்காது, பிளாஸ்டிக் அந்த வகையில் தேவலை. ஆனால் வெயிலில் கிடந்தால் நீலம் வெளுத்து, கையில் மாவு மாதிரி ஒட்டும், அப்புறம் விளிம்பு பொரியும். இரவில் பெட்டிகளை உள்ளே எடுத்து வைக்கிறோம்.

நான் எதிர்பார்க்காத குறை ஒன்றுதான். கொளத்தூரில் புதிதாகக் கட்டிய வீட்டில் ஒரே நேரத்தில் எங்கள் வேலையும் வயரிங் வேலையும் நடந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணனும் அதே 43-ஐ எங்கேயோ வாங்கி வைத்திருந்தார், அதே நீலம். மதியம் சாப்பிடப் போகும்போது இரண்டு பேர் பெட்டியையும் பையன்கள் சேர்த்து ஒரே அடுக்காக அடுக்கிவிட்டார்கள். அழகாக உட்கார்ந்தது, எனக்கு உள்ளுக்குள் மெக்லீன் நினைப்பு. மறுநாள் தண்டையார்பேட்டையில் கேஸ் பெட்டியைத் திறந்தால் உள்ளே பன்னிரண்டு சுவிட்ச் பாக்ஸும் ஒரு கட்டு வயரும். போன் போட்டேன். "தம்பி, நானே கூப்பிடணும்னு இருந்தேன், இதுல ஏதோ மீட்டர் ரெண்டு குழாயோட இருக்கு" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே எல்லாப் பெட்டியின் நெற்றியிலும் சிவப்பு பெயின்டால் பட்டையாக ஒரு கோடு இழுத்தேன். பத்து நாள் கழித்து அதே வீட்டில் சுவிட்ச் மாட்ட அவர் வந்தார். அவர் பெட்டிகளிலும் பளபளவென்று சிவப்புக் கோடு.